கை பொறுக்கும் சூட்டில் கரைந்த படிகங்கள்

ஒரு சனிக்கிழமை மதியம் என் மகள் சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியபோது கையில் முட்டை அட்டைத் துண்டு ஒன்றை வைத்திருந்தாள். குழிகளில் முட்டை இல்லை. விரல் நீளத்தில் மூன்று கண்ணாடிக் குப்பிகள் நின்றன. உள்ளே மயில் கழுத்து நிறத்தில் தண்ணீர் மாதிரி ஏதோ இருந்தது. ராசிபுரத்திலிருந்து நாமக்கல் வரைக்கும் எத்தனை வேகத்தடை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தாளாம். பையை என்னிடம் கொடுத்தாளே தவிர அட்டையைக் கொடுக்கவில்லை.

இதைப் படிக்கும் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பத்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவன். இங்கே எழுதுவதில் எனக்குப் பாதிதான் புரியும். புரியாத பாதியைப் புரிந்த மாதிரி எழுதினால் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால் அதைச் செய்யப் போவதில்லை.

எனக்கு வேலை நாமக்கல் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில், தீவனம் அரைக்கும் மில்லில். மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, கல்தூள், அதோடு தாது உப்புகள், எல்லாவற்றையும் நிறுத்து மிக்சரில் கொட்டிக் கலக்க வேண்டும். தாது என்றால் செம்பு, துத்தநாகம், மாங்கனீசு. ஒரு டன் தீவனத்துக்கு ஒரு கைப்பிடி அளவுதான் வரும். அந்தக் கைப்பிடி எல்லாக் கோழிக்கும் ஒரே மாதிரி போய்ச் சேர வேண்டும். அடியில் தங்கிவிட்டால் கடைசி மூட்டையைத் தின்கிற கோழிகள் கெட்டுப்போகும். எங்கள் வேலையில் பெரிய பயமே அதுதான். எது அடியில் தங்கினாலும் எனக்குக் கை பரபரக்கும்.

தடுப்பூசி போடும் நாட்களில் மருந்துப் பாட்டிலைத் தயார் செய்வதும் என் வேலை. எண்ணெய் மருந்து ஐஸ் பெட்டியிலிருந்து வரும்போது அடியில் கனத்துப்போய்க் கிடக்கும். அதைக் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கொஞ்ச நேரம் நிற்க வைத்து, பிறகு இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து மெதுவாக உருட்ட வேண்டும். ஆட்டக் கூடாது, குலுக்கக் கூடாது, நுரை கட்டும். உருட்டத்தான் வேண்டும். இருபது வருஷமாக உருட்டுகிறேன்.

மூட்டை தூக்கித் தூக்கி எனக்கு முழங்கால் வீங்கிவிடும். டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையைப் போட்டால் வீக்கம் குறையும், வயிறு எரியும். பால் குடித்துச் சமாளிப்பேன். என் மகள் வேதியியலில் மேல்படிப்பு முடித்து, சேலத்தில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். ஆரம்பித்த புதிதில் ஒருநாள் நான் மாத்திரை அட்டையைக் கிழிக்கும்போது அதை வாங்கிப் பின்னால் இருந்த பேரைப் படித்தாள்.

"அப்பா, இந்த மருந்தத்தான் நானு செம்போட சேக்கறேன்."

"எதுக்குச் சாமி?"

"செம்பு சேந்தா வீக்கத்துக்கு நல்லா கேக்குதா, வயித்துக்குக் கெடுதல் கொறையுதா, கிருமிய ஏதாச்சும் பண்ணுதான்னு பாக்கோணுங்ப்பா. வேற வேற உலோகத்துல வேற வேற ஆளுங்க பாக்கறாங்க. எனக்குச் செம்பு."

"செம்பு எங்கிருந்து எடுக்கறே?"

"மயில்துத்தம் மாதிரி உப்புலருந்துதான்."

மயில்துத்தம் என்றால் மில்லில் நான் பூட்டி வைக்கிற சாமான். பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது, கோழித் தண்ணீரில் அளவு மீறினால் கொட்டகையே காலி. இது ஒரு பக்கம் நஞ்சு, அது ஒரு பக்கம் வயிற்றெரிச்சல். இரண்டும் சேர்ந்தால் கெடுதல் கூடத்தானே வேண்டும், எப்படிக் குறையும்?

"அப்ப நானு செம்புச் சொம்புத் தண்ணில மாத்தரையப் போட்டுக்கட்டுமா?"

"ஐயோ, வேண்டாங்ப்பா. அது கலக்கறது. நானு சொல்றது சேக்கறது."

கலப்பதும் சேர்ப்பதும் வேறா என்று நான் கேட்க, அவள் என் இடது கைக் கட்டைவிரலைத் தன் இரண்டு விரலால் நண்டு கவ்வுவது மாதிரிக் கவ்விக் காட்டினாள். கட்டைவிரல் செம்பாம், கவ்வுகிற விரல்கள் மருந்தாம். கலந்தால் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும், சேர்ந்தால் இப்படிப் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்ட பிறகு அது செம்பும் இல்லை, பழைய மருந்தும் இல்லை, புதுசு. அடுத்த வாரம் மில்லுக்குச் சோறு கொண்டுவந்தவள் ஒரு தாது மூட்டையில் அச்சடித்திருந்ததைப் படித்துவிட்டு, "இதும் கவ்வுனதுதாங்ப்பா, ஆனா கவ்வுனது மருந்து இல்ல, புரதத்தோட துண்டு" என்றாள். அப்படியானால் இத்தனை வருஷமாக நான் கலந்தது கலந்ததா, சேர்ந்ததா? சேர்ந்ததைத்தான் கலந்தேன் என்றாள்.

அந்த மூன்று குப்பிக்கு வருகிறேன்.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் சுவரை உடைத்துக் குழாய் மாற்றிக்கொண்டிருந்தார்களாம். அந்த அதிர்வு ஆகாது என்று அவளுக்கு ஆராய்ச்சி சொல்லித்தரும் பேராசிரியை அம்மாவிடம் கேட்டுக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். குப்பியின் வாயில் மெழுகுத்தாள் ஒட்டி ஊசியால் நாலைந்து துளை போட்டிருந்தது. உள்ளே இருந்த ஸ்பிரிட் அந்தத் துளை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும், அப்போது உள்ளே படிகம் வளரும். கடுகில் பாதி அளவுக்கு ஒன்றே ஒன்று, உடையாமல், பட்டை தீட்டிய மாதிரி வந்தால் போதும். அதைச் சென்னைக்கு அனுப்பினால் அங்கே ஒரு இயந்திரம் எக்ஸ்ரே பாய்ச்சிப் படம் எடுத்துக் கொடுக்கும். எந்த அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அந்தப் படத்தில் தெரியும். மருந்து செம்பைக் கவ்வியிருக்கிறது என்று இவள் வாயால் சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், படம் சொன்னால்தான் ஒத்துக்கொள்வார்கள்.

"அடுத்த வாரத்துக்கு அடுத்த திங்கக்கெழம மேடம் சென்னைக்குப் போறாங்க. அன்னிக்குக் குடுத்துடணும். உட்டா அடுத்த மொற வர மாசக்கணக்குல ஆகும். புதுசாச் செஞ்சு வளக்க மூணு வாரம் ஆகுது, இப்ப அதுக்கு நேரமில்ல" என்றாள். அவளோடு ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களுக்கெல்லாம் படம் வந்துவிட்டது. இவளுக்குத்தான் இரண்டு வருஷமாக வெறும் தூளாகவே வந்துகொண்டிருந்தது.

குப்பிகளை உள் அறையில் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் பலகை மேல் வைத்தாள். ஞாயிறு சாயங்காலம் விடுதிக்குத் திரும்பும்போது என்னிடம் சொன்னது இதுதான்: "ஆட்டிராதீங்ப்பா. கெடாம பாத்துக்குங்க."

என் மனைவிக்கு அந்தக் குப்பிகள் மேல் ஆரம்பத்திலிருந்தே நல்ல எண்ணம் இல்லை. "ஏனுங்க, ஊட்டுக்குள்ள சாராய வாட அடிக்குது. பக்கத்தூட்டுக்காரி மூக்க உறிஞ்சிட்டு உங்களத்தான் ஒரு மாதிரி பாக்கறா."

"ஆராய்ச்சின்னு சொல்லு."

"நானு சொன்னா நம்புவாளாக்கும்."

புதன்கிழமை காலையில் மில்லுக்குக் கிளம்பும்முன் குப்பிகளைப் பார்த்தேன். பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். மூன்றிலும் அடியில் நீல நிறத்தில் சர்க்கரை மாதிரிப் பொடிப் பொடியாகத் தங்கியிருந்தது. மேலே தண்ணீர் வெளுத்துப்போயிருந்தது.

இப்போது சிரிப்பீர்கள். படிகம் வளர்கிறது என்றுதானே சொன்னாள், அதுதானே இது என்று கேட்பீர்கள். நான் படிகம் என்றால் கற்கண்டு மாதிரி நூலில் கட்டித் தொங்கும் என்று நினைத்திருந்தேன். இந்த நிறத் தண்ணீர்தான் சரக்கு என்றும், அதைக் கெடாமல் வைத்திருந்தால் கடைசி நாளில் அதிலிருந்து ஏதோ எடுப்பாள் என்றும் எண்ணியிருந்தேன். சரக்கு அடியில் தங்கிவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் எதுவோ அதைச் செய்தேன்.

அடுப்பில் வெந்நீர் வைத்துக் கை பொறுக்கும் சூட்டில் கிண்ணத்தில் ஊற்றி, மூன்று குப்பிகளையும் அதில் நிற்க வைத்தேன். ஒரு டீ குடிக்கிற நேரம். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கைக்குள் வைத்து உருட்டினேன். ஒன்றுக்கு ஐம்பது தரம்.

மனைவி வாசல்படியில் நின்று பார்த்தாள். "ஏனுங்க, புள்ள ஆட்ட வேண்டாம்னு சொல்லிட்டுப் போச்சல்லோ?"

"ஆட்டறனா? உருட்டறேன்."

"என்னமோ பண்ணுங்க. அப்பறம் எம்பேரச் சொல்லாதீங்க."

சரக்கு முழுக்கக் கரைந்து தண்ணீர் மறுபடியும் மயில் கழுத்து நிறத்துக்கு வந்தது. மூன்றும் ஒரே நிறம், ஒரு துளி அடியில் இல்லை. இத்தனை சுத்தமாக மிக்சரில்கூட எனக்கு வந்ததில்லை. சந்தோஷமாக மகளுக்குப் போன் போட்டேன்.

"சாமி, உன்ற குப்பியில எல்லாம் அடியில தங்கிப் போயிருந்துது. நல்லவேள நானு பாத்தேன். எல்லாத்தையும் கரச்சு உட்டுட்டேன், ஒண்ணும் கவலப்படாத."

போன் கட்டாகிவிட்டது என்று நினைத்து மறுபடியும் சொன்னேன்.

"நானு வாரேங்ப்பா" என்று மட்டும் சொன்னாள்.

மூன்று மணி பஸ்ஸில் வந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அதற்குள் அது ஆறி, அடியில் மாவு மாதிரி மங்கலாக இறங்கியிருந்தது. அந்த மாவைத்தான் இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

"எத்தன நேரம் வெந்தண்ணில வெச்சீங்க?"

"ஒரு டீ குடிக்கிற நேரம்."

"என்ன சூடு?"

"கை பொறுக்கும் சூடு."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுகிறாள் என்று தெரிய எனக்குச் சற்று நேரம் ஆனது. அவள் அம்மா சமையல்கட்டிலிருந்து, "கோழிக்கு ஊசி போடற ஆளுகிட்டக் குடுத்துட்டுப் போனா வேற என்ன நடக்கும். நல்லவேள, ரெக்கையில குத்தாம உட்டாரு" என்றாள். மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். நான் எழுந்து மாட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவப் போய்விட்டேன். அது காலையிலேயே கழுவியது.

திரும்பி வந்தபோது அவள் யோசித்து முடித்திருந்தாள்.

"அப்பா, மருந்து வருமே, அந்தத் தெர்மாகோல் பெட்டி இருக்குதுங்களா?"

"இருக்குது."

"உமி?"

"உமிக்கா பஞ்சம்."

மூன்று குப்பியிலும் பையிலிருந்த சிறு பாட்டிலிலிருந்து கொஞ்சம் ஸ்பிரிட் விட்டாள். என்னையே வெந்நீர் வைக்கச் சொன்னாள். மாவு கரைந்ததும் ஒன்றை ஜன்னலில் வைத்தாள், ஒன்றைப் பழைய பலகையில் வைத்தாள், மூன்றாவதைத் தெர்மாகோல் பெட்டிக்குள் உமியில் கழுத்து வரை புதைத்து மூடினாள். ஒன்று வேகமாக ஆறும், ஒன்று நிதானமாக ஆறும், ஒன்று ஆறுவதே தெரியாமல் ஆறும் என்றாள். கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தாள். நான்கு நாளும் அந்த அறைப் பக்கம் நான் போகவில்லை. அரிசி எடுக்கக்கூட மனைவியைத்தான் அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஜன்னல் குப்பியில் மாவு. பலகைக் குப்பியில் மாவு. பெட்டியைத் திறந்து உமியைக் கையால் ஒதுக்கிக் குப்பியைத் தூக்காமல் டார்ச் அடித்துப் பார்த்தாள். அடியில் ஐந்தாறு மணிகள் இருந்தன. கடுகுக்குக் கொஞ்சம் சிறிசு. விளிம்பு தெரிந்தது. ஆனால் நீலமாக இல்லை. பச்சையாக இருந்தன.

"கெட்டுப் போச்சா சாமி?"

"தெரியலீங்ப்பா."

"அப்ப நல்லதா?"

"அதும் தெரியலீங்ப்பா. முன்ன இருந்தது நீலம். இது எதுக்குப் பச்சையா வந்துதுன்னு தெரியல."

"என்ற கையில ஏதாச்சும் ஒட்டியிருந்து..."

"தொறந்தா தொட்டீங்க? இல்லையே."

"இல்ல."

"அப்பறம் என்ன." ஆனால் அவள் முகத்தில் அந்த "என்ன" தீரவில்லை.

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் பச்சை மணிகளை எடுத்துக்கொண்டு போனாள். பேராசிரியை அம்மா பார்த்துவிட்டு, "இது என்னான்னே தெரியல, ஆனா மணி நல்லா இருக்கு, எடுத்துட்டுப் போறேன்" என்றாராம். அனுப்ப ஏதாவது ஒன்று இருந்ததே என்று எனக்கு மூச்சு வந்தது. அதற்குமேல் அதை நல்லது என்று வைப்பதா கெட்டது என்று வைப்பதா என்று எனக்கு வழி தெரியவில்லை.

சில வாரம் கழித்துப் படம் வந்தது. மகள் போனில் பெரிதாக்கிக் காட்டினாள். கோழிவலைக் கம்பியில் ஆறு மூலைக் கண் இருக்குமே, அந்த மாதிரிக் கண்கள் நிறைய. நடுவே இரண்டு உருண்டைகள் பக்கத்தில் பக்கத்தில். அந்த உருண்டைகள்தான் செம்பு, வலைக்கண்கள் மருந்து. இவள் எதிர்பார்த்தது ஒரு செம்பு, இரண்டு மருந்து. வந்ததோ இரண்டு செம்பு, அவற்றைச் சுற்றி நாலு மருந்து.

நான் கேட்டேன், "ஒண்ணுக்கு ரெண்டு, ரெண்டுக்கு நாலு. கணக்கு ஒண்ணுதானே?"

"கணக்கு ஒண்ணுதாங்ப்பா. பொருள் வேற."

தீவனத்தில் ஒன்றுக்கு இரண்டு என்றால் இரண்டுக்கு நாலுதான், நூறுக்கு இருநூறுதான். கணக்கு சரியென்றால் சரக்கு சரி. அதை நம்பித்தான் என் சம்பளமே ஓடுகிறது. கணக்கு ஒன்றாக இருந்தும் பொருள் வேறாக இருக்கும் என்றால் நான் எதைப் பிடித்துக்கொள்வது? அவள் விளக்கினாள். தனியாக இருக்கிற செம்புக்கும் ஜோடியாக இருக்கிற செம்புக்கும் குணம் மாறுமாம், அதனால்தான் நிறமும் மாறுகிறதாம். கேட்கும்போது புரிந்தது. மில்லுக்குப் போய்ச் சேர்வதற்குள் போய்விட்டது.

பிறகு பேராசிரியை அம்மாவே எனக்குப் போன் செய்தார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், பேச்சு வேறு மாதிரி இருக்கும். "அப்பா, நல்லா இருக்கீங்களா? ஒரு தடவ வந்தது கணக்குல வராது. மறுபடியும் வரணும், வேற ஆளு செஞ்சாலும் வரணும். நீங்க அன்னிக்கு என்ன செஞ்சீங்களோ அதையே இங்க வந்து செஞ்சு காட்டணும்."

சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு சேலம் போனேன். ஆய்வுக்கூடத்தில் எனக்கு ஒரு வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள், பொத்தான் எட்டவில்லை. என் மகள் நோட்டோடு பக்கத்தில் நின்றாள். வெந்நீர்க் கிண்ணம் வந்தது.

"கை பொறுக்கும் சூடுன்னா எவ்வளவுப்பா?" என்றார் பேராசிரியை அம்மா.

நான் விரலை விட்டுப் பார்த்து, "இதுங்க" என்றேன். தெர்மாமீட்டரில் நாற்பத்து மூன்று. தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு வைத்தார்கள். மறுபடியும் விரலை விட்டு, "இதுங்க" என்றேன். நாற்பத்தொன்பது.

"ரெண்டுல எதுப்பா?"

"ரெண்டும் பொறுக்குதுங்களே."

அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எழுதிக்கம்மா, ரெண்டுலயும் போட்டுப் பாப்போம்" என்றார். என் முழங்கால் வீக்கத்தைப் பார்த்துவிட்டு, நான் கேட்காமலேயே சொன்னார்: "இத நீங்க சாப்புடலாமான்னு மட்டும் நெனைக்காதீங்க. இது இன்னும் மருந்து இல்ல. கண்ணாடித் தட்டுல செல்லுங்க மேல பாக்கணும், அப்பறம் எலி, அப்பறம் எத்தனையோ. பாதியில நின்னு போறதுதான் அதிகம்." நான் அப்படி நினைத்துக்கொண்டுதான் நின்றேன். எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. உங்களுக்கும் சொல்கிறேன், மாத்திரையோடு வீட்டில் எதையும் சேர்த்துப் பார்க்காதீர்கள்.

நான் உருட்டினேன். உமி, பெட்டி எல்லாம் அதே மாதிரி. வாரத்துக்கு ஒரு தரமாக நான்கு தரம். அவர்களும் நான் இல்லாமல் செய்து பார்த்தார்கள். பச்சை வரவில்லை. ஒரு தரம்கூட வரவில்லை. நான்கு தரமும் வந்தது நீலம். நான் கரைத்துவிட்ட, அவள் அழுத, அதே மயில் கழுத்து நீலம், கடுகளவில், பட்டை பட்டையாக, ஒவ்வொரு குப்பியிலும் கொத்துக் கொத்தாக. இரண்டு வருஷம் ஒரு மணிக்கு ஏங்கியவளிடம் இப்போது குப்பி குப்பியாக நீலம் இருக்கிறது. கேட்காமல் வந்த பச்சைக்குப் படம் இருக்கிறது, கையில் பொருள் இல்லை.

போன வாரம் நானும் அவளும் ஆய்வுக்கூடத்து ஜன்னல் ஓரம் நின்றிருந்தோம். நீல மணி ஒன்றை ஊசி முனையில் எடுத்துச் சிறு குழாயில் போட்டு, சென்னைக்குப் போகும் பெட்டியில் வைத்தாள். இதற்கும் படம் வந்தால் ஒரே மருந்தில் இரண்டு விதம் என்று எழுதலாமாம். பச்சையை மறுபடியும் வர வைக்க முடியாவிட்டால் அதை எப்படி எழுதுவது என்று யாருக்கும் தெரியவில்லையாம்.

"அப்ப நானு பண்ணது நல்லதா போச்சா, கெட்டதா போச்சா?" என்று கேட்டேன்.

அவள் குழாயின் மூடியைத் திருகிக்கொண்டே, "சித்த இருங்ப்பா, நானே இன்னும் முடிவு பண்ணல" என்றாள்.